"குழாயைப் பாருங்கோ, மிஸ்"

வீடு வீடாகச் சென்று, நடமாட முடியாதவர்களுக்கு உடற்பயிற்சி கொடுப்பது என் வேலை. எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஆனால் 2019 ஆம் ஆண்டில், கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்தது இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

அந்த வீட்டுக்காரர் 2009 இல் முதுகில் ஷெல் துண்டு பட்டவர். முள்ளந்தண்டு வடத்தின் மேற்பகுதியில் காயம். நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை. சிறுநீர் குழாய் வழியாகப் பையில் சேரும். அன்று அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கால்களை மடித்து நீட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று, "தலை வெடிக்குமாப்போல கிடக்கு" என்றார். முகம் சிவந்துவிட்டது. நெற்றியில் வியர்வை வழிந்தது. வெயிலின் களைப்பு என்று நினைத்து, "கொஞ்சம் அப்பிடியே படுங்கோ அண்ணை" என்றேன்.

குசினியிலிருந்து மனைவி ஓடி வந்தார். "படுக்க விடாதேங்கோ. குழாயைப் பாருங்கோ, மிஸ்!"

அப்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. இருவருமாக அவரை நிமிர்த்தி இருத்தி, கால்களைக் கீழே தொங்கவிட்டோம். சாரத்தைத் தளர்த்தினோம். இரத்த அழுத்தம் வழக்கமாக 100 அளவில் நிற்பவருக்கு 170 ஐத் தாண்டியிருந்தது. பையில் ஒரு சொட்டும் இல்லை. குழாய் அவருடைய தொடைக்கு அடியில் மடிந்து கிடந்தது. கால்களை மடித்தபோது அதைக் கவனிக்காமல் விட்டவள் நான்தான்.

மடிப்பை நீக்கியதும் சிறுநீர் பாய்ந்தது. சில நிமிடங்களில் தலையிடி குறைந்தது, அழுத்தமும் இறங்கியது.

சலப்பை நிரம்பி முட்டுவது அவருக்குத் தெரியாது. ஆனால் உடம்புக்குத் தெரியும். இரத்தக் குழாய்கள் இறுகி அழுத்தம் ஏறும். அதை அடக்க மூளை அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டிக் கீழே போகாது. அப்படியே விட்டால் மூளையில் இரத்தம் கசிந்து உயிரே போகலாம். மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்ளே வளர்ந்த கால் நகம்கூட இதைக் கிளப்பிவிடும்.

இப்படிப்பட்ட ஒருவரைப் பராமரிக்கும் சகோதரிகளே, முதலில் நிமிர்த்தி இருத்துங்கள். இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். குழாயையும் பையையும் பாருங்கள். குழாய் அடைபட்டிருந்தால், அல்லது தலையிடி குறையாவிட்டால், தாமதிக்காமல் 1990 ஐ அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 முதல் எங்கள் மாகாணத்திலும் உண்டு. வருபவர்களிடம், "முள்ளந்தண்டு வடத்தில் காயம், திடீரென்று பிறசர் ஏறிவிட்டது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

"இதை எங்கை படிச்சனீங்கள், அக்கா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலை ஒரு நேர்ஸ் சொல்லித் தந்தவ. பத்து வருசமாப் பாக்கிறன் தானே" என்றார், பையை நிமிர்த்திக் கொழுவியபடி.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும், காலைத் தொடுமுன் குழாயைப் பார்க்கிறேன். வீட்டுக்காரியிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.