வெங்காயச் சந்தையும் நிலவறைத் திறப்பும்

நவம்பர் மாதத்து நான்காம் திங்கட்கிழமை சுவிஸின் பேர்ண் நகரத்துக்கு வெங்காய நாள். விடிய நெடுநேரம் முன்பே பாராளுமன்றக் கட்டடத்துக்கு முன்னாலுள்ள வெளியிலும் சுற்றுத் தெருக்களிலும் கடைகள் விரிந்துவிடும். வெள்ளையும் சிவப்புமான வெங்காயங்களைக் காய்ந்த தாளோடு சேர்த்துச் சடையாகப் பின்னி, இடையிடையே உலர்ந்த பூக்களைச் செருகித் தொங்கவிட்டிருப்பார்கள். பிள்ளைகள் வண்ணக் காகிதத் துணுக்குகளை அள்ளி வருவோர் போவோர் மேல் எறிவார்கள். நான் 1991 இல் வந்து சேர்ந்த முதல் மாரியிலேயே என் கணவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். முதல்நாள் இரவு ரெஸ்ரோரண்ட் குசினியைப் பூட்டிவிட்டு வந்து, கண்ணயர்ந்தும் அயராமலும் எழும்பிய மனிசன். மூச்சு புகையாகப் போகிற அந்தக் குளிரில், ஒரு சடையைக் கையிலெடுத்து மணந்து பார்த்தேன். ஐயாவின் தோட்டத்து மணம்.

எங்களுடையது யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செம்மண். வெங்காயம் கிண்டி, நிழலில் காயவைத்து, தாளைச் சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக் கொட்டிலுக்குள் தொங்கவிடுவார் ஐயா. 1990 இல் சண்டை மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு எரிபொருளும் உரமும் வராமல் தடை விழுந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் நீரிறைக்கிற மெசின் சும்மா கிடக்க, பழைய துலாவைத் தேடினார்கள். நான் புறப்படுகிற நேரம் ஐயா சொன்னது, “போற இடத்தில எதைக் கண்டாலும் முதலில பழகு பிள்ளை, பிறகு குறை சொல்லு” என்பதுதான். எனக்குத் தந்துவிட அவரிடம் இருந்த சீதனம் அது.

என் கணவர் எனக்கு இரண்டு வருசம் முந்தி வந்தவர். ஜெர்மன் எல்லையில், கொன்ஸ்ரான்ஸ் ஏரிக்கரையிலுள்ள கிறொய்ஸ்லிங்கன் முகாமில் பதிந்தார். தஞ்சம் கேட்டு வருகிறவர்களை 26 மாநிலங்களுக்கும் சனத்தொகைக்கு ஏற்றபடி பங்கிட்டு அனுப்புவது சுவிஸ் வழக்கம். அந்தப் பங்கீட்டில் அவருக்கு விழுந்தது பேர்ண். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குத் திறந்த கதவு ரெஸ்ரோரண்ட் குசினிதான். கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, பிறகு அடுப்படிக்கு ஏறினார்கள். சூரிச்சிலும் லுசேர்னிலும் பாசலிலும் எத்தனையோ சுவிஸ் சாப்பாட்டை ஆக்கிக் கொடுத்த கைகள் யாழ்ப்பாணத்துக் கைகள். அந்தக் கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

நாங்கள் வீடெடுத்தது நகரத்தின் மேற்குப் பக்கம், பெத்லகேமில். சார்னர்கூட் என்று 1950களின் கடைசியில் கட்டத் தொடங்கிய உயர்ந்த மாடித்தொகுதிகள் நிற்கிற இடம். இப்போது ட்ராம் போகிறது, அப்போது பஸ். எங்கள் கட்டடத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் பொதுவாக நிலவறையில் ஒரு உடுப்புத் தோய்க்கும் அறை. அதற்கு ஒரு திறப்பு, ஒரு அட்டவணை. எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒருதரம் வரும். ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது. இரவு பத்துக்குப் பிறகு கட்டடத்தில் சத்தம் கூடாது. சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் ஒரு வரிகூட எனக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தது மேல்மாடியில் இருந்த ஒரு வயதான அம்மா. திறப்பைக் கொண்டுவந்து கதவைத் தட்டினார். கையில் தந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் என் முழங்கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார். மெசினின் வடிகட்டியைக் கழற்றி, அதில் படிந்திருந்த நூற்பஞ்சை இரண்டு விரலால் வழித்து எடுத்துக் காட்டினார். கதவு வாயின் றப்பர் மடிப்புக்குள் துணியை விட்டு ஈரம் துடைத்தார். நிலத்தைத் துடைத்துத் துடைப்பத்தை எந்த ஆணியில் மாட்டவேண்டும் என்பதுவரை செய்து காட்டினார். பிறகு அட்டவணையில் எங்கள் பெயரை என் கையாலேயே எழுதவைத்தார். இந்த நாட்டில் என் பெயர் நான் பார்க்க ஒரு சுவரில் ஏறியது அன்றுதான்.

மொழி வகுப்பில் படிப்பித்தது புத்தக ஜெர்மன். அந்த அம்மாவும் பஸ் சாரதியும் கடைக்காரரும் கதைத்தது பேர்ண் பேச்சு. வேறு நாட்டுக்காரர் இதில் திணறிப்போவார்கள். எங்களுக்கு அது பழகிய ஏற்பாடு. நாங்களும் ஒரு தமிழை எழுதி இன்னொரு தமிழைக் கதைக்கிற சனம். புத்தக ஜெர்மன் கடிதத்துக்கு, பேர்ண் பேச்சு அயலட்டைக்கு என்று மனம் தானாகப் பிரித்து வைத்துக்கொண்டது.

கடிதம் என்றால் பயம். முதலில் ‘என்’ (N) விசா, பிறகு எஃப் விசா, பிறகுதான் பி, சி எல்லாம். எஃப் என்றால் தற்காலிக அனுமதி. ஆண்டுக்கொருதரம் புதுப்பிக்கவேண்டும். 1994 இல் சுவிஸ் அரசு ஆட்களைத் திருப்பியனுப்ப இலங்கையோடு உடன்பாடு செய்தபோது, எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களில் பலர் தபாற்பெட்டியைத் திறக்கவே தயங்கினார்கள். அப்போது இவருடைய முதலாளி, “இவர் இல்லாமல் என் குசினி நடக்காது” என்று தானே ஒரு கடிதம் எழுதித் தந்தார். எங்கள் தஞ்சக் கேஸ் எப்படி முடிந்ததென்றாலும், அந்தக் கடிதத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகள் வளர்ந்தபோது வந்தது வேறு பயம். ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற கிம்னாசியத்துக்குப் போகாவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கிற சனம் நாங்கள். இங்கேயோ பெரும்பாலான பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு தொழிற்பயிற்சிக்குப் போகிறார்கள். கிழமையில் ஓரிரு நாள் பள்ளிக்கூடம், மிச்ச நாள் வேலையிடம், மாதம் சம்பளம். என் மகள் மூன்று வருசத் தாதிமைப் பயிற்சியைத் தெரிந்தெடுத்தாள். பிறகு மேலே படிப்பதற்கும் அங்கிருந்து வழி இருந்தது. இன்று ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எமெந்தால் மலைப்பக்கத்துக் கிழவர்களோடு அவர்களுடைய பேச்சிலேயே கதைத்துச் சிரிக்கவைக்கிறாள்.

அந்த மேல்மாடி அம்மாவும் எமெந்தால்காரிதான். ஒரு தோய்ப்பு நாளில், நெடுநாள் பழகிய பிறகு, தன் கதையைச் சொன்னார். பண்ணைவீட்டில் பிறந்து கலியாணம் முடித்து நகரத்துக்கு வந்தவர். வந்த புதிதில் அந்த நிலவறை அவருக்கும் பிடிபடவில்லையாம். ஆரோ ஒருத்தி கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாளாம். எனக்குக் கிடைத்த கை அவருக்கும் ஒருகாலத்தில் கிடைத்திருந்தது.

2014 டிசம்பரில் பேர்ணின் ஒய்ரோப்பாப்பிளாட்ஸில் சமயங்களின் இல்லம் திறந்தார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர்கள், அலெவிகள் ஒரே கூரைக்கு அடியில் வழிபடுகிற இடம். அங்கே சைவநெறிக்கூடத்தின் கோவிலில் தமிழிலேயே பூசை நடக்கிறது. கோபுரத்தை முதல்முறை கண்டபோது கண் கலங்கியது. ஆனால் இந்த மண்ணில் எனக்குக் கால் பதிந்தது அதற்கு எத்தனையோ வருசம் முந்தி, அந்த நிலவறையில்.

இப்போது எங்கள் மாடித்தொகுதியில் எரித்திரியர், ஆப்கானியர், உக்ரேனியர் வந்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் உக்ரேனியருக்கு உடனேயே எஸ் விசா கிடைத்ததைச் சொல்லி, எங்களுக்கு இப்படி ஆர் தந்தவை என்று நம்மவர் சிலர் மனம் கசக்கிறார்கள். நாங்கள் பட்ட பாடு பெரிது; மறுக்கவில்லை. அதை வந்தவர்களின் கணக்கில் எழுதாதீர்கள். விசா ஒரு நாட்டில் இருக்க விடும். அந்த நாட்டில் ஒருவரைக் குடியிருத்துவது அயல்தான். ஆகவே நம்மவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன்: உங்கள் கட்டடத்துக்குப் புதுக் குடும்பம் வந்தால், திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கூடக் கீழே இறங்கிப் போங்கள். வடிகட்டியைக் கழற்றிக் காட்டுங்கள். அவர்கள் பெயரை அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள்.