டூய்வோர் நதிக்கரையில் ஒரு வீடு

வேல்ஸ் நாட்டின் வடமேற்கே கிறிக்கியெத் என்றொரு சிறிய கடலோரப் பட்டினம் உண்டு. கடலோரக் குன்றின் மேல் இடிந்த கோட்டை ஒன்று. தூரத்தே ஸ்னோடன் மலைத்தொடர். அங்கிருந்து மேற்கே அரை மணித்தியாலம் நடந்தால் லானஸ்டிம்டுவி என்ற கிராமம் வரும். கல் வீடுகள், கல்லால் கட்டிய பாலம், அதன் கீழே டூய்வோர் நதி. ஊரவர் பேச்சில் இன்றும் வெல்ஷ் மொழி வாழ்கிறது. தம் மொழியை விட்டுக்கொடுக்காத மக்கள் என்பதால் எமக்கு அவர்கள் மேல் ஒரு நெருக்கம் தோன்றும்.

1916 முதல் 1922 வரை பிரித்தானியப் பிரதமராக இருந்த லோயிட் ஜோர்ஜ் வளர்ந்த ஊர் இது. நதிக்கரையில் அவரது கல்லறை இருக்கிறது. பயணிகள் பலரும் அதைப் பார்க்கவே வருகிறார்கள். பெண்களாகிய நாம் அறிய வேண்டிய இன்னொரு கதையும் இவ்வூரில் உண்டு.

ஊருக்கு வெளியே, பழைய குதிரை லாயத்தைத் திருத்தியமைத்த வீட்டில் எழுத்தாளர் ஜேன் மொறிஸ் வாழ்ந்தார். 1926இல் ஆண் குழந்தையாகப் பதியப்பட்டு, ஜேம்ஸ் என்ற பெயரில் வளர்ந்தவர். இராணுவத்தில் பணியாற்றினார். 1953இல் எவரெஸ்ட் சிகரம் ஏறப்பட்ட செய்தியை உலகுக்கு முதலில் அனுப்பிய பத்திரிகையாளர் இவரே. 1949இல் எலிசபெத் என்பவரை மணந்தார். எலிசபெத், இலங்கையில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஒருவரின் மகள். ஐந்து பிள்ளைகள் பிறந்து, ஒரு பெண் குழந்தை சிறுவயதிலேயே இறந்துபோனது.

வெளியே பார்த்தால் குறையில்லாத குடும்பம். ஆனால் தான் ஒரு பெண் என்ற உணர்வு மூன்று நான்கு வயதிலிருந்தே அவருக்குள் இருந்தது. மனைவியிடம் அதை மறைக்கவில்லை, ஊருக்குத்தான் மறைத்தார். 1964இல் ஹோர்மோன் சிகிச்சையைத் தொடங்கினார். 1972இல், 46 வயதை நெருங்கும்போது, மொரோக்கோ நாட்டின் கசபிளாங்கா நகரில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். முதலில் மனைவியை விவாகரத்துச் செய்யுங்கள் என்று பிரித்தானியாவில் கேட்டதால்தான் அவ்வளவு தூரம் போனார். 1974இல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார்.

இரு பெண்கள் தம்பதியராக இருக்க அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. விவாகரத்து நடந்தது. ஆனால் கடதாசியில் முறிந்த உறவு வாழ்க்கையில் முறியவில்லை. சட்டம் மாறிய பின், 2008 மே மாதம், பக்கத்து ஊரான புள்ஹெலியில் இருவரும் மீண்டும் துணைவர்களாகப் பதிவு செய்துகொண்டனர். முதல் திருமணம் நடந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன. இருவருக்குமான கல்லறைக் கல்லை முன்னதாகவே செய்வித்து வீட்டில் வைத்திருந்தார்கள். 2020 நவம்பரில், 94ஆவது வயதில், ஜேன் காலமானார்.

இதை எல்லாம் சுபமாய் முடிந்த கதையாக நான் சொல்ல வரவில்லை. புத்தகங்கள் எழுதியவர் ஜேன். கணவனாக வந்தவர் பெண்ணாக மாறியபோது பிள்ளைகளையும் வீட்டையும் தாங்கி நின்ற எலிசபெத் அதிகம் பேசவில்லை. வீட்டுப் பாரத்தைச் சுமக்கும் பெண்ணின் மனதில் என்ன இருக்கிறதென்று உலகம் கேட்பது குறைவு. போருக்குள் குடும்பத்தைக் காத்த எமக்கு அது புதிதல்ல.

எம் நாட்டிலும் இப்படி வாழ்வோர் உண்டு. மனநல வைத்தியரின் பரிசோதனைக்குப் பின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறும் வழியைச் சுகாதார அமைச்சு 2016இல் ஏற்படுத்தியது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றலாம். சான்றிதழை அரசு தரும். வீட்டில் இடம் தருவது நாங்கள்தான். நாற்பதிலோ அறுபதிலோ ஒருவர் இதுவரை சொல்லாத உண்மையைச் சொல்ல வந்தால், முதலில் இருக்கச் சொல்லித் தேத்தண்ணீர் கொடுப்போம். மிகுதியைப் பிறகு பேசலாம்.