லிட்டருக்கு எத்தனை மணி நேரம்?

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் விடிவதற்கு முன்பே ஆடுகள் வந்து இறங்கிவிடும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் நடக்கும். எனக்கு ஆடும் வேண்டாம், பேரமும் வராது. என்னை நிறுத்தியது ஓரத்து டீக்கடையின் பெட்ரோல் ஜெனரேட்டர். காது கிழிய அலறிக்கொண்டிருந்தது. அத்தனை அலறலும் மூன்று ஒன்பது வாட் எல்இடி பல்புக்காக.

“லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?” என்றேன். டிவிஎஸ் 50 பிறந்த ஓசூர்ச் சீமையில் இந்தக் கேள்வி தானாக வாயில் வரும். மைலேஜ் விசாரிக்காமல் இங்கே எதையும் வாங்கமாட்டார்கள்.

“மூணு மணி நேரம் ஓடும் சார்” என்றார் கடைக்காரர், கிளாஸைக் கழுவிக்கொண்டே.

இந்த மணிக்கணக்குதான் எனக்கு ஆகாது. வண்டிக்குக் கிலோமீட்டர் என்றால் அது செய்த வேலை. ஜெனரேட்டருக்கு மணி நேரம் என்பது அது கத்திய நேரம், அவ்வளவே. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட்டுக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. நல்ல லோடில் ஓடும் சின்ன ஜெனரேட்டர் அதிலிருந்து இரண்டு யூனிட் எடுத்துத் தந்தால் பெரிது. மிச்சமெல்லாம் சைலன்சர் வழியாகவும் சூடாகவும் போய்விடும். லோடு குறைந்தால் அந்த இரண்டும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியே ஆகவேண்டும், எரிவது ஒரு பல்போ இருபதோ. ஒற்றைப் பயணியோடு கிருஷ்ணகிரிக்குப் போகிற பஸ்ஸுக்கு டீசல் குறைகிறதா என்ன?

2012இல் மின்வெட்டு தமிழ்நாட்டையே உலுக்கியபோது இந்த ஹைவே ஓரக் கடைகளில் இதைக் காதாலேயே படித்தேன். ஜெராக்ஸ் கடை, பேக்கரி, செல்போன் கடை, தையல்கடை என்று வரிசையாகக் கடைகள். கடைக்கு ஒரு ஜெனரேட்டர். கரன்ட் போனதும் ஆளுக்கொரு கயிறு இழுப்பார்கள். தையல்காரர் சோக்கைப் போட்டு, கயிற்றை இழுத்து, இரண்டு தடவை திட்டி, மூன்றாவது இழுப்பில் கிளப்புவார். அயர்ன் பாக்ஸைச் செருகினால் போதும், எஞ்சின் ஒரு கணம் திணறும், பல்பு மங்கும். உடனே கவர்னர் த்ராட்டிலைத் திறக்க, சத்தம் கனத்து நிலைக்கும். அந்தக் கனத்த சத்தம் எனக்குப் பிடிக்கும். அவருக்கு அடிவயிறு கலங்கும். “பெட்ரோலக் குடிச்சிரும் சார்” என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

குடிக்கத்தான் குடிக்கும், ஆனால் குடித்ததற்கு வேலை பார்ப்பதும் அப்போதுதான் என்று விளக்கினேன். “அப்ப பெட்ரோல மிச்சம் புடிக்க நாள்பூரா அயர்ன் போடச் சொல்றீங்களா?” என்றார். பதில் வரவில்லை எனக்கு. கணக்கு என் பக்கம், நியாயம் அவர் பக்கம்.

நாலு கடைக்கு ஒரே ஜெனரேட்டர் வைக்கலாமே என்றும் சொல்லிப்பார்த்தேன். பெட்ரோல் காசை யார் முதலில் எடுத்துவைப்பது என்ற இடத்திலேயே பேச்சு நின்றுவிட்டது.

பிறகு எல்இடி வந்தது. அறுபது வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் ஒன்பது வாட். லோடு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பெட்ரோல் செலவு அப்படி இறங்கவில்லை. தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே ஜெனரேட்டர் பெரும்பங்கைக் குடித்துவிடுகிறதே! லோடுக்கேற்ப வேகம் குறைக்கும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டால் டீக்கடைக்காரர் எனக்குக் கொடுத்த டீயைத் திரும்பக் கேட்பார்.

அவர் சொன்ன மணிக்கணக்கையே வைத்துக்கொள்வோம். மூன்று பல்பு 27 வாட். மூன்று மணி நேரத்துக்கு 81 வாட் அவர், அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லிட்டரை நூறு ரூபாய் என்றே போட்டாலும் யூனிட் விலை 1,200 ரூபாயைத் தாண்டுகிறது. மிக்சியோ மோட்டாரோ ஓட்டுவதாக இருந்தால் ஜெனரேட்டர் வாங்குங்கள். வாங்கும்போது மணிக்கணக்கை விட்டுவிட்டு, பாதி லோடில் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். மூன்று பல்புக்கு, ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்ட ஒரு சின்ன பேட்டரி போதும்.