ஐந்து டாலர் வாசல்

வர்ஜீனியாவுக்குக் குடிவந்த புதிதில், எங்கே போவதென்றாலும் முதலில் டிக்கெட் விலையைத்தான் பார்ப்போம். நான்கு பேர் குடும்பம், ஒரு சம்பளம். வாசல்வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு.

அப்போதுதான் மகள் பள்ளியில் பேஸ் கிடார் கற்கத் தொடங்கினாள். ஒருநாள் மாலை, "அப்பா, இதைக் கேளுங்க" என்று ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள். ஃபுகாசி குழுவின் 'வெயிட்டிங் ரூம்'. ஜோ லாலியின் பேஸ் தனியாகத் தொடங்குகிறது. டிரம்ஸும் கிடாரும் வந்து சேர்கின்றன. இருபது நொடி தாண்டியதும் எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. பாட்டு அறுந்துபோயிற்று என்று போனை எடுத்தேன். "பொறுங்கப்பா" என்றாள். சில நொடி மௌனம். பிறகு விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு பாட்டு பாய்கிறது. தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடிந்து சரியாக வந்து விழும்போது தொடையில் கை தானாக விழுமே, அன்று என் கை அப்படி விழுந்தது.

போஸ்ட்-ஹார்ட்கோர் என்கிறார்கள் இந்த இசையை. ஹார்ட்கோர் பங்க்கின் கோபம் அப்படியே இருக்கும். ஓட்டம் மட்டும் தணிந்து, இடைவெளிக்கும் மௌனத்துக்கும் இடம் கிடைக்கும். இயன் மெக்கே 1980-களின் தொடக்கத்தில் மைனர் த்ரெட் குழுவில் அந்த வேகத்தைப் பாடித் தீர்த்தவர். லாலி, டிரம்ஸ் வாசிக்கும் பிரெண்டன் கேன்டி, கை பிச்சோட்டோ ஆகியோருடன் அவர் நடத்திய ஃபுகாசி, 1987-இல் வாஷிங்டனில் மேடையேறியது. பெயர், வியட்நாம் போர்ச் சிப்பாய்களின் கொச்சையிலிருந்து எடுத்தது.

இசையைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய வாசல்தான். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதினரும் வரலாம். மது விற்கும் இடம் என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் அரங்குகளைத் தவிர்த்தார்கள். இது கட்டுப்படியானதற்குக் காரணம் இருக்கிறது. மேலாளர் கிடையாது, நிகழ்ச்சிகளைத் தாங்களே பேசி முடித்தார்கள். பெரிய நிறுவனங்கள் தேடி வந்தும், மெக்கே நண்பருடன் தொடங்கிய டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸை விட்டுப் போகவில்லை. பெயர் பொறித்த டி-ஷர்ட்கூட விற்கவில்லை. சொந்த ஊரில் வாசித்தவை அநேகமாக நன்கொடை நிகழ்ச்சிகள், அல்லது இலவசம்.

கூட்டத்தில் ஒருவன் மற்றவர்களை மிதித்துத் தள்ளினால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் 5 டாலரைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். குட்டையான பெண்பிள்ளையும் முன்வரிசையில் பயமில்லாமல் நிற்க வேண்டும் என்பதற்காக வாசிப்பையே நிறுத்தினார்கள். மகளைப் பெற்ற எனக்கு அந்த இடம் நெஞ்சில் தைத்தது. புது ஊரில் நமக்கும் இடம் உண்டா என்ற கேள்வியோடு நடந்துகொண்டிருந்தவனுக்கு, பக்கத்து வாஷிங்டன் நகரம் தந்த முதல் நல்ல பதில் அது.

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பல நாடுகளிலுமாக ஃபுகாசி வாசித்தவை 1,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததோடு நிறுத்தினார்கள், பிரிந்துவிட்டதாக அறிவிக்கவில்லை. 800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011 முதல் அவற்றை வெளியிடத் தொடங்கினார்கள். ஒரு நிகழ்ச்சியின் பதிவுக்கு அவர்கள் கேட்ட தொகையும் 5 டாலர்தான். முடியாதவர் 1 டாலர் கொடுத்தால் போதும்.

அவர்கள் பல கோடைகளில் வாசித்த ஃபோர்ட் ரீனோ பூங்காவில் உள்ளூர்க் குழுக்களின் இலவச நிகழ்ச்சிகள் நடப்பது பழைய வழக்கம். கோடையில் வாஷிங்டன் வந்தால் விசாரித்துவிட்டு, மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் டென்லிடவுனில் இறங்குங்கள். புல்வெளியில் விரிக்க ஒரு பாய் போதும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.