கப்பல் டிக்கெட்டும் கர்ப்பப்பையும்

அந்தமானில், போர்ட் பிளேரின் மின்னி பேயில் வெயில் மாதங்களில் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பித்து, தனிக்காரி அணையில் மட்டம் இறங்க இறங்க இரண்டு நாள், மூன்று நாள் என்று தள்ளிப்போகும். என் சிறுவயதில் எங்கள் வீட்டுக் காலண்டரில் தண்ணீர் வரும் நாளுக்கு ஒரு புள்ளி இருக்கும். அதே காலண்டரில் அம்மா பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாள். புள்ளியும் பெருக்கலும் ஒரே கட்டத்தில் விழுந்தால் வீட்டில் நிம்மதி. விழாவிட்டால் கொல்லையில் நிற்கும் நீல டிரம்மை யாரும் தொடக் கூடாது. குளிக்க அரை வாளிதான்.

டிரம் தண்ணீர் துணி அலச. பழைய நூல் சேலையைக் கிழித்து நாலாக மடித்த துணிகள். வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோக விடமாட்டாள் அம்மா. "சூடு பட்டா கறை உக்காந்துக்கும்டி." பச்சைத் தண்ணீரில் ஒரு கை கல் உப்பைப் போட்டு ஊறவைத்து, முதல் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு அப்புறம்தான் சோப்பு. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற ஊரில் அந்தத் துணி காய்வது பெரிய விஷயம். மேலே ஒரு பாவாடையை விரித்து மறைத்தால் வெயில் படாது. மறைக்காமல் போட்டால் பாட்டி பேசுவாள். அரைகுறையாகக் காய்ந்ததையே மறுபடி கட்டிக்கொண்டு, தொடை இடுக்கில் புண்ணோடு அம்மா காலை அகட்டி நடந்தது ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு போகிறது என்று அவளை யாரும் கேட்டதில்லை. கட்டி கட்டியாகப் போவதைச் சித்தியிடம் மட்டும் சொல்வாள்.

பாட்டி இதைப் பெரும்பாடு என்பாள். வாழைப்பூவை இடித்துச் சாறெடுத்து மோரில் கலந்து கொடுப்பாள். அம்மாவோடு வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவ அக்கா, பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டோடு கிடந்து, கையில் இருந்ததையெல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்தும் சுகப்படாத பெண்ணின் கதையைச் சொன்னாளாம். "நம்ம சாமி கதையில இப்படி ஒருத்தி வரலையேடி" என்று அம்மா என்னிடம் ஆச்சரியப்பட்டாள்.

அளவு என்று ஒன்று இருப்பதே எனக்கு வெகு பின்னால்தான் தெரியும். சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. துணியைப் பார்த்து மில்லி சொல்ல யாரால் முடியும்? இப்போது பெண்கள் பயன்படுத்தும் மாதவிடாய்க் கப்பில் கோடு போட்டிருப்பதால் அளக்க முடிகிறது. அது இல்லாதவர்களுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. மணிக்கு ஒரு பேட் நனைவது, ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, பேட் மாற்றவென்றே ராத்திரி எழுந்திருப்பது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல் இருப்பது. அம்மாவுக்கு இதில் எதுவுமே பாக்கியில்லை. ஒரு மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒருநாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். மாதம் முழுக்கச் சேர்த்தது அந்த நாட்களில் போய்விடும். அம்மா மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வாள். நாங்கள் அதை அவளுடைய சுபாவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

சித்தி நடு அந்தமானில், ரங்கத்தில் இருந்தாள். என்னைவிடப் பதினோரு வயதுதான் மூத்தவள். அவளுக்கும் அதே பெரும்பாடு. சுனாமிக்கு மறு வருஷம் அவளைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிவர நான் போனேன். (ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியாயிற்று, வாயில் இன்னும் வரவில்லை.) கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். இரண்டு பேட், அதன் மேல் துணி, பஸ் சீட்டில் மடித்த சாக்கு, சாக்கின் மேல் துண்டு. முந்தின ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் வண்டியோடு படகு ஏற வேண்டிய இடங்களில் எல்லோரும் இறங்கி டீ குடித்தார்கள். சித்தி இறங்கவே இல்லை. எழுந்து நின்றால் குபுக்கென்று வரும் என்றாள். மிடில் ஸ்ட்ரெய்ட் தாண்டினால் ஜிர்காடாங் வரை ஜாரவாப் பழங்குடியினரின் காடு, ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. அந்தக் காட்டையும் அந்த மனிதர்களையும் காப்பாற்றப் போட்ட விதி, நியாயமான விதி. ஆனால் அந்த ஐம்பது கிலோமீட்டரும் சித்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. ஜிர்காடாங்கில் இறங்கியபோது துண்டு சாக்கோடு ஒட்டியிருந்தது. கண்டக்டர் பார்த்தும் பார்க்காதது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

செல்லுலார் சிறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான் தீவுகள் எல்லாவற்றுக்கும் கடைசிப் போக்கிடம். அங்கே ஸ்கேன் எடுத்து நார்க்கட்டி என்றார்கள். புற்று இல்லை, பயப்படாதே, மாத்திரையும் இரும்புச் சத்தும் சாப்பிடு, மூன்று மாதம் கழித்து வா என்றார்கள். சரியான வைத்தியம்தான். சித்தி வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, "மூணு மாசம் கழிச்சு மறுபடி அதே பஸ்ஸா?" என்று கேட்டாள். பிறகு கேட்டது இது: "எடுத்துடலாமா?"

எடுத்துவிட்டார்கள். மெயின்லேண்டுக்குக் கப்பல். தீவுவாசிகளுக்கான ஐலண்டர் கார்டில் பங்க் டிக்கெட், மூன்று நாள். சென்னையில் யாரோ சொன்ன ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வந்ததும் வந்தாய், ஒரே செலவாக முடித்துக்கொண்டு போய்விடு என்றார்களாம். சித்திக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தது டிஸ்சார்ஜ் காகிதத்தை நான் படித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரியும். முப்பத்தாறு வயது. சினைப்பை போனால் மாதவிடாய் நிற்பது மட்டுமல்ல, ஈஸ்ட்ரோஜனும் அன்றைக்கே நின்றுபோகும். உடம்பு கொதிக்கிறது என்று ராத்திரி வாசலில் வந்து உட்காருவாள். ஐம்பதுக்குள் எலும்பு தேய்ந்து, முற்றத்தில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. என்னைப் பிடித்திருந்த அதே கை.

ரத்தப்போக்குக்கு வைத்தியம் படிப்படியாக இருக்கிறது என்பார்கள். எங்களுக்கோ நடுப்படிகள் எல்லாமே கப்பலிலும் பஸ்ஸிலும் கரைந்துவிடுகின்றன. பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் எடுத்துவிடு. நடுவில் இருக்கும் வைத்தியங்கள் அத்தனையும் "மறுபடி வா" என்று சொல்கிறவை. மறுபடி வர முடியாதவளுக்கு ஒரே தடவையில் முடிகிற வைத்தியம்தான் வைத்தியமாகத் தெரியும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துச் செய்தி 2019-இல் வந்தபோது எனக்குச் சித்திதான் நினைவுக்கு வந்தாள். கரும்பு வெட்டப் போகிற பெண்கள். ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதம் நாலு நாள் அபராதம் கட்டுவதைவிடக் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அரசு அமைத்த குழு கணக்கெடுத்ததில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் எடுத்திருந்தார்கள். அதே வருஷம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில், வலி என்று சொன்ன பெண்களுக்குப் பெயர்கூட எழுதாத மாத்திரையைக் கொடுத்து மெஷினுக்கு அனுப்பிய கதையும் வந்தது. அங்கே கரும்பும் மெஷினும். இங்கே கப்பல். ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கரில் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றியது பற்றிய வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அதைத் தடுக்க மத்திய அரசு போட்ட வழிகாட்டு விதிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்று நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

எடுப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்குப் பெரிய கட்டிகள். எல்லா மாத்திரையும் தின்று பார்த்துவிட்டு, சினைப்பையை வைத்துக்கொண்டு கர்ப்பப்பையை மட்டும் எடுத்தாள். "முன்னாடியே செஞ்சிருக்கலாம்" என்கிறாள். அவளைக் கேட்டுச் செய்தார்கள், அதுதான் வித்தியாசம்.

எனக்கும் நாற்பதைத் தாண்டி அதிகப் போக்கு ஆரம்பித்தது. மின்னி பேயிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கடற்படையின் தன்வந்திரி. படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆனது. நான் ஜி.பி. பந்துக்குப் பஸ் ஏறினேன். வங்காளி டாக்டரம்மா, இந்தியில், "ஏக் தின் மே கித்னே பேட்?" (ஒருநாளைக்கு எத்தனை பேட்?) என்று கேட்டார். கூட நின்ற பெண்கள் இந்தக் கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்தினார்கள். நான் காலண்டரையே நீட்டினேன். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம், பெருக்கல் குறிக்குக் கீழே பேட் எண்ணிக்கையும் எழுதுவேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். ஹீமோகுளோபின் எட்டைத்தான் தாண்டியிருந்தது, பன்னிரண்டு வேண்டும். ஸ்கேனில் அடினோமயோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைக்குள்ளேயே போய் வளர்வது. மாதாமாதம் தசைக்குள்ளும் ரத்தம் கசியும், அதனால்தான் அந்த வலி.

அவர் சொன்ன படிகளில் முதலாவது டிரானெக்ஸாமிக் அமிலம். ரத்தம் போகிற நாட்களில் மட்டும் சாப்பிடுவது, போக்கைக் கிட்டத்தட்டப் பாதியாக்கும், முன்பு ரத்தக்குழாயில் கட்டி அடைத்தவர்களுக்கு ஆகாது. இதைக் கண்டுபிடித்தது ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண்ணும் அவர் கணவரும், 1962-இல். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களுக்காகத் தேடியது அது. உலகம் பிரசவத்தில் அதைப் பெரிய அளவில் சோதித்து, உயிரைக் காக்கிறது என்று 2017-இல் சொன்னது. அந்த அம்மா அதற்கு முந்தின வருஷம் 98 வயதில் இறந்துவிட்டார்.

அப்புறம் நம் நாட்டு மாத்திரை ஒன்று. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வுக் கழகத்தில் உருவாகி 1991-இல் சஹேலி என்ற பெயரில் கர்ப்பத்தடையாக வந்தது. 2016 முதல் சாயா என்ற பெயரில் அரசு இலவசமாகத் தருகிறது. ஹார்மோன் இல்லாத அதே மருந்தை அதிக ரத்தப்போக்குக்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள், வாரம் இரண்டு என்று ஆரம்பித்துப் பிறகு வாரம் ஒன்று. வாரம் ஒரு மாத்திரை, அதுவும் இலவசமாக! கப்பல் ஏறி வந்தவளுக்கு இதை முதலில் சொல்ல மாட்டார்களோ என்று எனக்குச் சித்திக்காகக் கோபம் வந்தது. சினைப்பை நீர்க்கட்டி, ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது, அதனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது ஹார்மோன் காயில். கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் தினம் துளி மருந்தை அங்கேயே கசியவிடும், ஐந்து வருஷத்துக்கு மேல் தாங்கும். தீவுக்காரிக்கு ஏற்றது என்று டாக்டரம்மா சொன்னார். அது மனதில் நின்றது. முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எரிச்சலில் "எடுத்துடலாமா" என்று என் வாயிலும் வந்தது. சித்தி போனில், "இருடி, உனக்குப் பஸ் பத்து ரூபாதானே" என்றாள். வருஷம் முடிவதற்குள் ஒருநாளைக்கு ஒரு பேட் போதும் என்று ஆகிவிட்டது. இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காமல் எலுமிச்சைத் தண்ணீரோடு விழுங்குகிறேன். அம்மா இருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

தீவு என்றால் இன்னொரு பெண் நினைவுக்கு வருவாள். பால்டிக் கடலில் ஆலண்ட் தீவுகளைச் சேர்ந்த ஹ்யோர்டிஸ். 1924-இல் ஐந்து வயதுக் குழந்தையாக அவளைக் கடல் தாண்டி ஹெல்சின்கிக்குக் கூட்டிப்போனார்கள். சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காது. எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற டாக்டர் அவள் குடும்பத்தையே ஆராய்ந்து 1926-இல் எழுதினார். பரம்பரையாக வரும் அந்த ரத்தம் உறையாக் குறைக்கு இன்று அவர் பெயர்தான். ஹ்யோர்டிஸ் பதின்மூன்று வயதில் இறந்தாள், நான்காவது மாதவிலக்கில். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வயதுக்கு வந்த நாள் முதல் பதினைந்து நாள் போகும். "புதுசு, அப்படித்தான் இருக்கும்" என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்க நேரமாகுமா, மூக்கில் அடிக்கடி வருமா என்று கேட்டேன். இரண்டுக்கும் ஆமாம். ரத்தப் பரிசோதனைக்கு வேலூருக்குப் போனார்கள். சில விஷயத்துக்குக் கப்பல் ஏறத்தான் வேண்டும்.

இதைப் படிக்கிற ரங்கத்துக்காரி, மாயாபந்தர்க்காரி, ஹட் பே அக்கா யாராக இருந்தாலும் ஒரு வேண்டுகோள். காலண்டரில் தேதியோடு பேட் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு போங்கள். மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் முதல் தடவையிலேயே வைத்தியம் தொடங்கலாம். நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் உள்சவ்வைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் நின்று மறுபடி ஒரு சொட்டு வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு முன்னால் என்னென்ன இருக்கிறது, சினைப்பையை ஏன் எடுக்க வேண்டும் என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.