நாளுக்கு ஒரு படம்



நம் சபையில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு குறைவு. குவைத், துபாய், சிங்கப்பூர், கப்பல் வேலை என்று ஏதோ ஒரு திசையில் ஒருவர் இருக்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "மகன் பேசினானா?" என்று கேட்பேன். "பேசினான் ஐயா" என்பீர்கள். "என்ன விசேஷம்?" என்றால், "ஒன்றுமில்லை" என்று பதில் வரும். சம்பளம் வந்ததா, விடுப்பு எப்போது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளை உண்ணும் தட்டையும், உறங்கும் அறையையும், நடக்கும் தெருவையும் நாம் அறியாமலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. இந்த வாரம் அந்த "ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் குறித்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

என் மகள் மாலத்தீவில் கணித ஆசிரியையாகப் பணிபுரிந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நெடுங்காலமாகவே ஆசிரியர்கள் அந்நாட்டுப் பள்ளிகளுக்குச் செல்கிறார்கள். அவளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். தலைநகர் மாலேயிலிருந்து வெகுதொலைவில் ஒரு சிறு தீவு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பதினைந்து நிமிடத்தில் நடந்துவிடலாம்.

மாலத்தீவு ஏறக்குறைய 1,200 தீவுகளைக் கொண்ட நாடு. மக்கள் வாழ்வது அவற்றில் சுமார் 200 தீவுகளில்தான். அந்நாட்டின் நிலம் பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து மூன்று மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது. இதைக் கேட்ட நாளிலிருந்து என் மனைவிக்கு உறக்கம் பிடிக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையை நம் கோவளத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அதே நாளில் அதே ஆழிப்பேரலை மாலத்தீவையும் அடித்து, எண்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. "இங்க ஓடுறதுக்கு மேட்டுப் பக்கம்னு ஒண்ணு இருக்கு. அங்க பிள்ளை எங்க ஓடும்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெபித்து அனுப்பிவைத்தோம்.

முதல் மாதம் மகள் அனுப்பிய படங்கள் அனைத்தும் மிக அழகானவை. நீலக் கடல், வெண்மணல், செக்கர் வானம். அப்போது எங்களோடு இருந்த என் தாயாருக்கு வயது 83. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கணவரை இழந்தபின் என்னோடு கோவளத்திற்கு வந்தவர். என் மகளைத் தூக்கி வளர்த்தவரும் அவரே. அவர் அந்தப் படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்துவிடுவார். ஒருநாள் சொன்னார்: "இது காலண்டர்ல இருக்கிற படம் ஐயா. இதுல பிள்ளை எங்க இருக்கு? அது எதுல சோறு பொங்குது, எங்க துணி காயப்போடுதுன்னு எடுத்து அனுப்பச் சொல்லு."

அப்படியே மகளுக்கு எழுதினேன். மறுநாள் மாலை வந்தது ஒரு கொடியின் படம். அவள் இங்கிருந்து கொண்டுபோன பழைய துண்டு அதில் காய்ந்துகொண்டிருந்தது. என் தாயார் அந்தப் படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

அன்றுமுதல் நாளுக்கு ஒரு படம் என்று வழக்கமாயிற்று. அங்கே நேரம் நம்மைவிட அரை மணி பின்தங்கியது. நம் ஏழரைக்கு அங்கே ஏழு. இரவு உணவுக்கு முன் படம் வந்துவிடும். திருத்த வேண்டிய நோட்டுகளின் அடுக்கு. வகுப்பறை வாசலில் கழற்றிப்போட்ட சிறு காலணிகள். பிள்ளைகளின் முகங்களைப் பெற்றோரின் அனுமதியின்றி எடுப்பதில்லை என்று மகள் தனக்குத்தானே ஒரு விதி வைத்திருந்தாள். ஆகவே பிள்ளைகளை அவர்களுடைய காலணிகளாலும் புத்தகப் பைகளாலும் நாங்கள் அறிந்துகொண்டோம். கடற்கரையில் இரும்புச் சட்டத்தில் கயிற்றுவலை பின்னி மாட்டிய இருக்கைகள் வந்தன. அதற்கு அங்கே ஜோலி என்று பெயராம். மாலையில் ஊரே அதில் அமர்ந்து பேசும்.

ஒருநாள் வந்தது கரும்பலகையின் படம். திவேகி மொழியின் எழுத்தை வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். அதற்குத் தானா என்று பெயர். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவத்திலிருந்து பிறந்தவை. "எண்ணையே எழுத்தாக்கிய ஊருக்குக் கணக்கு சொல்லித்தர வந்திருக்கிறேன் அப்பா" என்று படத்தின் கீழே எழுதியிருந்தாள்.

இன்னொரு நாள் படகுத்துறை. சூரை மீனை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலும் வலை வீசிச் சூரை பிடிப்பதில்லை. கோலும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகவே பிடிக்கிறார்கள். வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திய அந்த மீன்தான், தென்மாவட்டக் கடைகளில் நாம் மாசிக் கருவாடு என்று வாங்குவது. படகுக்கு அவர்கள் சொல்லும் பெயர் தோனி. "நம்ம தோணியா? அப்ப பிள்ளை நம்ம சனத்துகிட்டதான் இருக்கு" என்றார் என் தாயார். அதுவரை அவர் முகத்தில் இருந்த கலக்கம் அன்று சற்றே விலகியதைக் கண்டேன்.

சில வாரங்கள் சென்றன. ஒரு மாலையில் அவர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை தினமும் ஒண்ணு அனுப்புது. நாம என்ன அனுப்புதோம்? பாத்திரத்த வெறுசா திருப்பிக் குடுக்கப்பிடாது ஐயா" என்றார்.

அண்டைவீட்டார் குழம்பு கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது நம் வீடுகளில் வழக்கமில்லை. இரண்டு முருங்கைக்காயோ ஒரு கைப்பிடிச் சர்க்கரையோ போட்டுத்தான் கொடுப்போம். அவர் அந்த நியாயத்தையே படத்திற்கும் வைத்தார். அன்றுமுதல் நாங்களும் நாளுக்கு ஒரு படம் அனுப்பினோம். எதை எடுப்பது என்பதை அவரே தீர்மானிப்பார், நான் எடுப்பேன். அரிவாள்மனையில் நறுக்கிய வாழைக்காய். கார்மேல் மாதா ஆலயத் திருவிழாவுக்குப் போகும் கூட்டம். முட்டுக்காட்டுப் பாலத்தின் கீழே நிற்கும் படகுகள். தர்கா தெருவில் அவருக்குப் பழக்கமான பூக்காரம்மாவின் கூடை. ஞாயிறுகளில் நம் ஆலயத்தின் பின்வரிசையில் அவர் அமரும் நாற்காலி. வேதப்புத்தகத்தின்மேல் மடித்துவைத்த அவருடைய மூக்குக்கண்ணாடி. ஒருநாள் எதுவும் தோன்றவில்லை. "என் கையை எடு" என்றார். எடுத்தேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் நான்கு நாள் மகளிடமிருந்து படம் வரவில்லை. கேட்டதற்கு, "வேலை அதிகம் அப்பா" என்று மட்டும் பதில் வந்தது. ஐந்தாம் நாள் வந்த படத்தில் ஒரு மூடிபோட்ட கிண்ணமும், பக்கத்தில் பாதி எலுமிச்சம்பழமும் மாத்திரை அட்டையும் இருந்தன. என் மனைவி மாத்திரை அட்டையைப் பார்த்தாள். என் தாயார் கிண்ணத்தைப் பார்த்தார். "இது அது வீட்டுப் பாத்திரம் இல்ல. யாரோ கொண்டுவந்து குடுத்திருக்காங்க. பிள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்றார். உடனே பேசினோம். டெங்கு காய்ச்சல். நாங்கள் கலங்குவோம் என்று மறைத்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மையார் நாள்தோறும் இருவேளையும் கருதியா என்ற மீன் ரசத்தையும் சோற்றையும் கொண்டுவந்து கொடுத்து, இரவில் தம் மகளைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார். அவர் இஸ்லாமியர். என் மகளை ஒரு வேற்று நாட்டாளாக அவர் நினைக்கவில்லை. அன்று இரவு குடும்ப ஜெபத்தில், பெயரும் முகமும் அறியாத அந்தச் சகோதரிக்காகக் கண்ணீரோடு நன்றி சொன்னோம். நாள்தோறும் அவளுடைய சமையல் பாத்திரங்களைப் பார்த்துப் பழகிய கண் என்பதால்தான் அன்று ஓர் அந்நியப் பாத்திரத்தை என் தாயாரால் அடையாளம் காண முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் குறித்தும் சொல்ல வேண்டும். அந்நாட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நாம் ஒன்பது மணிக்கு ஆராதனை தொடங்கும்போது, அவள் எட்டரை மணி வகுப்பில் நின்றிருப்பாள். பிற மதத்தவர் பொதுவில் கூடி வழிபட அங்கே சட்டம் இடமளிப்பதில்லை. தன் அறையில் தனியே ஜெபிப்பாள். ஞாயிறுதோறும் அவள் அனுப்பியது வகுப்பறைக் கடிகாரத்தின் படம் ஒன்றே. முள் எப்போதும் எட்டரையில் நிற்கும். ஒரு வார்த்தையும் எழுதமாட்டாள். அந்த நேரத்தில் நாம் முதற்பாடலுக்கு எழுந்து நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கரும்பலகைக்கு முன் நிற்கிறாள் என்பது எங்களுக்கும் தெரியும்.

பிரியமானவர்களே, தூர தேசத்தில் போதித்தவர்கள் அன்றாட வாழ்வை அற்பமாக எண்ணியதில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவை எடுத்து வாசியுங்கள். மரணத்தை எதிர்நோக்கியிருக்கிற மனிதர், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன்னே வந்து சேரும்படியும் வேண்டுகிறார். விசுவாசத்தின் பெரிய காரியங்களுக்கு நடுவே ஒரு மேலங்கி. அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை.

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயரும் அப்படியே. மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார். நம் மக்களின் நம்பிக்கைகளையும் பழக்கவழக்கங்களையும் கேட்டறிந்து ஜெர்மனிக்கு எழுதி அனுப்பினார். தமிழர்கள் தங்கள் வாழ்வைக் குறித்து எழுதிய கடிதங்களும் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. 1719-ல், 36 வயதில், அவர் மரித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழரின் வாழ்வை ஓரளவேனும் இன்று நாம் அறிய அந்தக் கடிதங்கள் உதவுகின்றன.

மகள் சென்ற மறு ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு விடியற்காலையில், என் தாயார் உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தென்மேற்குப் பருவக்காற்றினால் அந்த வாரம் கடல் கொந்தளிப்பாக இருந்தது. தீவிலிருந்து படகு புறப்படவில்லை. அடக்க ஆராதனை முடிந்து மூன்றாம் நாளில்தான் மகள் வீடு வந்து சேர்ந்தாள். தன்னை வளர்த்தவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எந்த ஆறுதல் மொழியும் அந்தக் குறையை நிரப்பாது. போதகனாக எத்தனையோ வீடுகளில் ஆறுதல் சொல்லிய நான், அன்று என் மகளுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இன்றி அருகில் அமர்ந்திருந்தேன்.

அன்று இரவு அவள் தன் கைபேசியை எடுத்தாள். பதினைந்து மாதங்களில் இங்கிருந்து போன படங்கள், ஏறக்குறைய 450. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாழைக்காய், பூக்கூடை, நாற்காலி, மூக்குக்கண்ணாடி. ஆச்சியின் கை வந்தபோது நிறுத்தினாள். "அப்பா, ஆச்சியோட ஒருநாள்கூட எனக்கு விட்டுப்போகலை" என்றாள். எங்கள் வீட்டில் என் தாயாரின் முழு உருவப்படம் ஒன்று சட்டமிட்டுத் தொங்குகிறது. ஆனால் மகள் அச்சிட்டுத் தன்னோடு கொண்டுபோனது அந்தக் கையின் படத்தையே. மீதமிருந்த ஒப்பந்த மாதங்களை முடித்துவிட்டு, கடந்த ஆண்டு ஊர் திரும்பினாள்.

அமெரிக்காவில் ஜேமி லிவிங்ஸ்டன் என்ற புகைப்படக் கலைஞர் 1979 மார்ச் 31 முதல் நாளுக்கு ஒரு போலராய்டு படம் எடுத்தார். நண்பர்கள், உணவு, தெரு என்று தம் வாழ்வில் வந்ததை எடுத்தார். நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோதும் வழக்கத்தை விடவில்லை. 1997 அக்டோபர் 25 அன்று, தம் 41-ஆம் பிறந்தநாளில், அவர் மரித்தார். அன்றோடு படங்களும் நின்றன. 6,000-க்கும் மேற்பட்ட அந்தப் படங்களைப் பார்க்கிறவர்கள், தனியே எடுத்துப் பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் நாட்கள் சேர்ந்து ஒரு முழு வாழ்வாக நிற்பதைக் காண்கிறார்கள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா நாள்தோறும் இறங்கியது. பேராசையால் சேர்த்துவைத்தது கெட்டுப்போயிற்று. ஆண்டவர் நமக்குக் கற்றுத்தந்த ஜெபத்திலும் அந்தந்த நாளின் ஆகாரத்தையே கேட்கிறோம். தேவன் வாழ்வை நாள் கணக்கில் கொடுக்கிறார். நாமோ பண்டிகை, திருமணம், வீடு கட்டுதல் என்று விசேஷங்களின் கணக்கில் அதை எண்ணுகிறோம். இடையில் உள்ள நாட்களை "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுகிறோம். கொடுத்தவருடைய பார்வையில் அவற்றில் ஒன்றும் வெறும் நாள் அல்ல.

ஆகையால் இந்த வாரம் ஒரு சிறு காரியத்தைத் தொடங்குங்கள். தூரத்தில் இருக்கும் உங்கள் பிள்ளையிடம் இன்று அவன் சாப்பிட்ட தட்டின் படத்தைக் கேளுங்கள். அழகாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கேட்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் அடுப்பங்கரையிலிருந்தும் ஒரு படத்தைத் திருப்பி அனுப்புங்கள். அதை ஊரார் பார்க்க ஸ்டேட்டஸில் வைக்க வேண்டியதில்லை. அது உங்கள் இருவருக்குமானது. பிறர் முகத்தை எடுப்பதானால் முதலில் அவர்களைக் கேளுங்கள். மாதத்திற்கு இரண்டு படங்களையாவது ஸ்டுடியோவில் அச்சிட்டு வையுங்கள், கைபேசி என்றாவது பழுதாகும். ஒரு நாள் படம் வராவிட்டால், கோபப்படாமல், ஏன் என்று விசாரியுங்கள். உங்கள் வீட்டில் முதியோர் இருந்தால், எதைப் படம் எடுக்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். நாம் காணத் தவறுவதை அவர்கள் காண்பார்கள்.

இன்றைய நாளைத் தந்த தேவன், நம் வீட்டையும் தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளின் அறையையும் ஒரே பார்வையில் காண்கிறவர். அவர்களுக்குக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுக்கும் அயலாரை அவர் ஆசீர்வதிப்பாராக. நம் கைகளும் வெறுமையாய்த் திரும்பாதிருக்க நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.