குப்பாவுக்குப் பத்து விரல் பத்தாது!

பேரைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அந்தச் சாப்பாட்டின் பெயர் குப்பா. 'என்ன மச்சி, ஊருக்குப் போய் குப்பையைத் தின்னுட்டு வந்தியாமே?' என்று என் கிளாஸ் பசங்க ஓட்டி முடிக்கவே ஒரு செமஸ்டர் ஆச்சு. அரபியில் குப்பா என்றால் உருண்டை. அவ்வளவுதான் மேட்டர்.

அரிசியையோ கோதுமை ரவையையோ கறியோடு சேர்த்து அரைத்து மாவாக்கி, கிண்ணம் மாதிரி குழித்து, உள்ளே வதக்கிய கொத்துக்கறியை வைத்து மூடி, தளதளவென்று கொதிக்கிற புளிப்பு சூப்பில் போட்டு வேகவைக்கிறார்கள். நம்ம பிள்ளையார் கொழுக்கட்டைக்கு அசைவம் சாப்பிடுகிற ஒன்றுவிட்ட அண்ணன் இருந்து, அவன் தக்காளி ரசத்தில் முங்கிக் குளித்தால் எப்படி இருப்பான்? அவன்தான் குப்பா!

இது குர்து மக்களின் வீட்டுச் சாப்பாடு. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என்று நாலு நாட்டு மலைகளில் மூன்று கோடிக்கும் மேல் இருக்கிறார்கள் குர்துகள். தனி நாடு கிடையாது. ஈராக்கில் மட்டும் சுயாட்சிப் பகுதி இருக்கு. அதன் தலைநகர் எர்பில். அவங்க வாயில் அது 'ஹௌலேர்'. ஊர் நடுவில் மண்மேடு ஒன்று, அதன் மேல் ஒரு கோட்டை. ஆயிரக்கணக்கான வருஷமாக மக்கள் வாழ்ந்த அந்த இடத்தை 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அப்பாவுக்கு அந்த ஊரில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை. 2024 டிசம்பர் லீவில் அம்மாவும் நானும் ஒரு மாசம் போயிருந்தோம். 'ஈராக்குக்கா?!' என்று அலறிய சொந்தக்காரங்க எல்லாரும் ஏர்போர்ட் வரை வந்து கண்ணைக் கசக்கிட்டுத்தான் அனுப்பி வெச்சாங்க. அங்கே போனால் குண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. குளிர்தான்! கூடவே மழை.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி. குர்து மொழியில் பாட்டியை 'தாபீரா' என்கிறார்கள். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது. வெள்ளைத் தலைத்துணி, கையில் எப்பவும் டீ கிளாஸ். அவங்க பேத்தி கெமிஸ்ட்ரி முடிச்சவங்க, இங்கிலீஷ் சரளமா பேசுவாங்க. எனக்கு அக்கா. வெள்ளிக்கிழமை அந்த ஊரில் லீவு நாள். வியாழக்கிழமையே அக்கா வந்து, "நாளைக்கு எங்க வீட்ல குப்பா. எல்லாரும் வந்துடுங்க, கியான்" என்றார். 'கியான்' என்றால் உயிர். வாய்க்கு வாய் இந்த வார்த்தையைப் போட்டுத்தான் பேசுகிறார்கள். காய்கறிக் கடைக்காரர் என்னை 'உயிரே' என்று கூப்பிட்டபோது ஒரு மாதிரி ஆயிடுச்சு!

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே போய்விட்டோம். ஹாலில் மண்ணெண்ணெய் ஹீட்டர். அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் 'சோபா'! அதைச் சுற்றித் தரையில் ஒரு துணி விரித்து, நடுவில் பெரிய தாம்பாளம். ராத்திரி ஊறவைத்து வடிகட்டின அரிசியும், கொழுப்பு துளிகூட இல்லாத மாட்டுக்கறியும் கறி அரைக்கிற மெஷினில் ரெண்டு தடவை ஓடி, இளஞ்சிவப்பு மாவாக உட்கார்ந்திருந்தது.

"உள்ளேதான் கறி வைக்கிறீங்களே, மேல் மாவுக்கும் எதுக்குக் கறி?" என்று கேட்டேன். அக்காவுக்குள் இருந்த கெமிஸ்ட்ரி டீச்சர் எழுந்துகொண்டார். கோதுமையில் குளுட்டன் இருக்கு. ஈரம் பட்டால் ரப்பர் மாதிரி இழுத்துப் பிடிக்கும். அரிசியில் அது கிடையாது. உப்புப் போட்டு நல்லா அரைத்தால் கறியின் புரதம் பசையாகிவிடும். சூடு ஏறினால் இறுகிவிடும். அதுதான் அரிசி மாவை உடையாமல் கட்டிப் பிடிக்கிறது. 'கம்போசிட் மெட்டீரியல்' என்று எங்க புரொஃபசர் ரெண்டு கிளாஸ் எடுத்தும் மண்டையில் ஏறாதது, ஒரு தாம்பாளத்தில் ஏறிப்போச்சு.

உள்ளே வைக்கிற கறியில் வேற சூட்சுமம். அது கொழுப்போடு இருக்கணும். வெங்காயம், மிளகு, பார்ஸ்லி தழை போட்டு ஈரம் வற்ற வதக்கி, முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். கொழுப்பு உறைந்துவிடுவதால் ஸ்பூனில் எடுத்து வைக்க ஈஸி. சூப்பில் வேகும்போது அது உருகி, கடித்ததும் வாய்க்குள்ளே குட்டியா ஒரு வெள்ளம்!

அடுத்தது கைவேலை. தாபீரா எலுமிச்சை சைஸுக்கு மாவைக் கிள்ளி, இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலைத் தண்ணியில் நனைத்து நடுவில் அழுத்துகிறார். விரல் நின்ற இடத்தில் நிற்க, உருண்டை மட்டும் சுற்றுகிறது. சுற்றச் சுற்றச் சுவர் மெலிசாகி ஒரு கிண்ணம். ஒரு ஸ்பூன் கறி. வாயை ஒட்டி ஒரு உருட்டு. பன்னிரண்டு செகண்ட். என் வாட்ச்சில் டைம் பார்த்தேன், சத்தியமா!

அம்மாவுக்கு மொழி தெரியாது. ஆனா கொழுக்கட்டை தெரியுமே! ரெண்டாவது உருண்டையிலேயே பிக்கப் பண்ணிட்டாங்க. தாபீரா அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, அக்கா மொழிபெயர்த்தார்: "இந்தக் கைக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்குன்னு சொல்றாங்க."

நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் அக்கா மெதுவா ஆரம்பித்தார்.

"முன்னாடியெல்லாம் இந்தத் தாம்பாளத்தைச் சுத்தி எட்டுப் பேர் இருப்பாங்க. சித்தி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும். பேச்சும் சிரிப்புமா நூறு குப்பா எப்படி முடிஞ்சதுன்னே தெரியாது. இப்போ பாதிப் பேர் ஜெர்மனியில. மிச்சம் நானும் பாட்டியும்தான். லீவுக்கு வர்றவங்க எல்லாம் 'குப்பா எங்க கல்ச்சர்'னு போட்டோ எடுத்துப் போடறாங்க. அந்தக் கல்ச்சர் எங்க ரெண்டு பேர் கட்டைவிரல்லதான் நிக்குது. நாலு மணி நேரம் முதுகு ஒடியும். ஃப்ரோஸன் பாக்கெட் வாங்கலாம்னு ஒரு தடவை சொன்னேன். அன்னிக்கு முழுக்கப் பாட்டி என்கூடப் பேசலை."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னார். "ஆள் குறைஞ்சா அவசரம் வரும். அவசரம் வந்தா தோல் தடிச்சுடும். எங்க வீட்டுக் குப்பா வருஷா வருஷம் தடிச்சுக்கிட்டே போகுது, கவனிச்சேன்."

எவ்வளவு பெரிய விஷயம் இது! ஒரு சமையல் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் தோல் தடிக்கிறது. அப்புறம் வாரா வாரம் என்பது மாசத்துக்கு ஒரு தடவை ஆகிறது. அப்புறம் விசேஷத்துக்கு மட்டும். அப்புறம் போட்டோ.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார் அக்காவின் தம்பி. என் வயசுதான், கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங். மாவுக் கையோடு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு. 'உங்க ஊர்ல ஆம்பளைங்க இதெல்லாம் செய்வாங்களா?' என்று கேள்வி வேற. நான் பதில் சொல்றதுக்குள் தாபீரா பேச ஆரம்பித்துவிட்டார். சத்தம் போடவில்லை. உருட்டிக்கொண்டே பேசினார். அக்கா துண்டு துண்டாகச் சொன்னதைக் கோத்தால் இதுதான்.

தாபீராவின் கிராமம் இப்போது இல்லை. 1988-ல் சதாம் ஹுசைன் அரசு 'அன்ஃபால்' என்ற பெயரில் குர்துகள் மேல் நடத்திய ராணுவ நடவடிக்கையில் அது தரைமட்டமாக்கப்பட்டது. அப்படி அழிந்த கிராமங்கள் ஆயிரக்கணக்கில். குறைந்தது 50,000 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு கணக்கிட்டது. குர்துகள் சொல்லும் எண்ணிக்கை 1,82,000. மூணு வருஷம் கழித்து 1991 வசந்தத்தில், குர்துகளின் எழுச்சியை ராணுவம் நசுக்கியபோது பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் துருக்கி, ஈரான் எல்லை மலைகளை நோக்கி ஓடினார்கள். தாபீராவின் குடும்பம் ஈரான் பக்கம் நடந்தது. மழை, பனி. கையில் இருந்தது கைக்குழந்தையும் ஒரு மூட்டை 'சாவாரும்'தான். சாவார் என்றால் வேகவைத்து, வெயிலில் காயவைத்து, உடைத்த கோதுமை.

மலையில் ஒரு நாள் குழந்தைகள் குப்பா கேட்டு அழுதிருக்கிறார்கள். கறிக்கு எங்கே போவது? சாவாரை ஊறவைத்துப் பிசைந்து, உள்ளே வெங்காயம் வைத்து, வெறும் உப்புத்தண்ணியில் வேகவைத்தார்களாம். குளிரில் தாபீராவின் விரல்கள் மடங்கவில்லை. உருட்டியது யார் தெரியுமா? தாத்தா!

"அன்னிக்கு யாரும் ஆம்பளைக் கை, பொம்பளைக் கைன்னு பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, பேரன் பக்கம் ஒரு உருண்டை மாவைத் தள்ளினார் தாபீரா. அவ்வளவுதான். தம்பி ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரெண்டு பேரோடு ஆரம்பித்த தாம்பாளத்தைச் சுற்றி அன்னிக்கு அஞ்சு பேர். பன்னிரண்டு மணிக்குள் எழுபது குப்பா!

மற்றது அடுப்பு வேலை. வெங்காயம் வதக்கி, தக்காளி விழுது, கொண்டைக்கடலை, டர்னிப் துண்டுகள், 'சில்க்' கீரை. நம்ம பாலக்கீரைக்கு அகலமான இலையும் தடித்த தண்டும் இருக்கிற மாதிரி ஒண்ணு. புளிப்புக்கு எலுமிச்சைச் சாறும், சுமாக் என்கிற செந்நிறப் புளிப்புக்காயைப் பொடித்ததும். சூப் நன்றாகக் கொதித்த பிறகுதான் குப்பா ஒவ்வொன்றாக இறங்கும். போட்டதும் அஞ்சு நிமிஷத்துக்குக் கரண்டியே படக் கூடாது. தோல் இறுகட்டும். இருபது, இருபத்தஞ்சு நிமிஷத்தில் வெந்து மேலே எட்டிப் பார்க்கும்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் சொன்ன வார்த்தை, 'தஸ்த் ஹோஷ்'. உன் கை நல்லா இருக்கட்டும்! 'சாப்பாடு சூப்பர்' இல்லை, 'தேங்க்ஸ்' இல்லை. வாழ்த்து நேராகக் கைக்கே போகிறது. தாபீரா என்னைப் பார்த்தும் ஒரு தடவை சொன்னார். அரியர் இல்லாமல் பாஸானபோதுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஊருக்குத் திரும்பி இதைப் பற்றித் தேடிப் படித்தபோது இன்னொரு ஆச்சரியம். குர்திஸ்தான் மலைகளில் நூற்றாண்டுகளாக யூதர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். பேச்சு மொழி அராமைக். 1950-51-ல் ஈராக்கிலிருந்து சுமார் 1,20,000 யூதர்கள் விமானங்களில் இஸ்ரேலுக்குப் போனபோது இவர்களும் போனார்கள். சொத்தை எடுத்துப்போக முடியவில்லை. குப்பா போய்விட்டது! இன்றைக்கும் ஜெருசலேமின் மஹனே யெஹுதா மார்க்கெட் பக்கம் போனால் குப்பா சூப் கிடைக்கும். பச்சை நிறப் புளிப்பு சூப், பீட்ரூட் சூப், வெண்டைக்காய் சூப் என்று வகை வகையாக. பச்சை சூப்பின் பெயர் 'ஹமுஸ்தா'. அராமைக்கில் புளிப்பு என்று அர்த்தம். ஈராக் அரபியில் 'ஹாமுத்', குர்து மொழியில் 'திர்ஷ்'. மூணு மொழி, ஒரே புளிப்பு!

ஊரும் வீடும் போனாலும் குப்பா தப்பித்தது ஏன்? போன இடத்திலும் நாலு பேர் சேர்ந்து தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்ததால்தான். ரெசிபியை யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். மாவின் கனம் எவ்வளவு என்பதைக் கைதான் கைக்குச் சொல்லும். அதுக்குப் பக்கத்தில் உட்காரணும். 'இது அம்மா வேலை, அக்கா வேலை' என்று பசங்க செல்போனோடு ஒதுங்கினால், பாதிக் கைகள் நாம் பிறக்கும்போதே கழண்டுபோச்சு என்று அர்த்தம்.

அக்காவின் தம்பி 2025-ல் மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டார். ஹாஸ்டல் கிச்சனில் தனியாகக் குப்பா செய்து ஒரு போட்டோ அனுப்பினார். ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் வெடித்து, சூப்பே கஞ்சியாகி இருந்தது. தாபீரா போட்டோவை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஜெர்மனித் தண்ணி சரியில்லை" என்று தீர்ப்பு சொன்னாராம். பேரனை விட்டுக்கொடுப்பாங்களா என்ன! இப்போது அங்கே வெள்ளிக்கிழமைகளில் நாலு பசங்க சேர்ந்து உருட்டுகிறார்களாம். தோல் இன்னும் தடிப்புதான். பரவாயில்லை, மெலியும்.

நீங்களும் உருட்டணுமா? 25 உருண்டைக்குக் கணக்கு இதோ:

மேல் மாவு: பச்சரிசி அரை கிலோ (நாலு மணி நேரம் ஊறவைத்து நன்றாக வடிகட்டணும்), கொழுப்பில்லாத கறி கால் கிலோ, உப்பு. ரெண்டையும் சேர்த்து நைஸாக, தண்ணி விடாமல் அரைக்கணும்.

உள்ளே: கொழுப்போடு கொத்துக்கறி கால் கிலோ, வெங்காயம் 2, மிளகுத்தூள், உப்பு, பார்ஸ்லி. பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லி. வதக்கிக் குளிரவைக்கவும்.

சூப்: வெங்காயம், தக்காளி, டர்னிப், பாலக்கீரை, வேகவைத்த கொண்டைக்கடலை, எலுமிச்சை. பாலக்கீரையைக் கடைசியில் போடுங்க, சீக்கிரம் வெந்துவிடும். சுமாக் இல்லாவிட்டால் எலுமிச்சையைக் கூட்டிக்கலாம்.

ஆட்கள்: குறைந்தது நாலு பேர். அதில் ரெண்டு பேர் பசங்களா இருக்கணும்!

தஸ்த் ஹோஷ், மக்களே!